வெசாக் கூடு கட்டும் நாட்கள்

மே 3, 2025, சனி. கண்டி

வெசாக் கூடு, அதாவது வெசாக்குக்குத் தொங்கவிடும் கடதாசி விளக்கு, கட்ட மூங்கில் வந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போன பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு முழு மூங்கிலை மூன்றாக வெட்டுவித்து ஓட்டோவில் கொண்டுவந்தார். பச்சை போய் மஞ்சள் ஓடத் தொடங்கிய நல்ல முற்றல். இளம் மூங்கில் கத்திக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் காய்ந்து சுருங்கியதும் கட்டின நூலெல்லாம் தளர்ந்துவிடும்.

பௌத்தர்களின் பௌர்ணமிப் பண்டிகையான வெசாக் இந்த முறை 12ஆம் திகதி, திங்கட்கிழமை. போன மாதம் தலதா மாளிகையில் 16 வருடங்களுக்குப் பிறகு புத்தரின் புனிதப் பல்லைப் பார்வைக்கு வைத்தார்கள். அந்தச் சனத்திரளின் களைப்பிலிருந்து நகரம் இன்னும் மீளவில்லை, அதற்குள் கடைகளில் பிளாஸ்டிக் கூடுகள் தொங்கத் தொடங்கிவிட்டன. விரித்துக் கொளுவினால் வேலை முடிந்தது. அங்கிளின் பேத்தியோ, கையால் கட்டின கூடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பட்டம் கட்டி வளர்ந்தவன். மூங்கிலையும் ரிசுப் பேப்பர் என்கிற மெல்லிய கடதாசியையும் ஒன்றாகக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

மே 4, ஞாயிறு

பகல் முழுக்கக் குச்சி சீவினோம். பெரிய கூட்டுக்கு ஒரு அடி நீளத்தில் 24 குச்சி வேண்டும். மூங்கிலைப் பிளந்து, உள்பக்கத்துச் சோற்றியைச் சீவி எறிந்து, தோல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வலு முழுக்க அந்தத் தோலில்தான் இருக்கிறது. கணு வருகிற துண்டுகளை ஒதுக்கிவிட்டோம்.

பட்டத்துக்குச் சீவும்போது பாரத்தைப் பார்ப்போம், ஒரு விரலில் வைத்தால் இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். கூட்டுக்குப் பாரம் அவ்வளவு முக்கியமில்லை, நீளம்தான் முக்கியம். ஒரு குச்சி கால் அங்குலம் கூடினாலும் கடைசியில் முழுக் கூடும் முகம் கோணும். அங்கிள் ஒரு குச்சியை அளவுகோலாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதோடு சேர்த்துப் பிடித்துத்தான் வெட்டினார். “அடிமட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிப் பிடிப்போம் புதா (மகனே), குச்சி மாறாது” என்றார்.

மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். காலையிலேயே வாக்குப் போட்டுவிட்டு, விரலில் மையோடு நூல் சுற்றினோம். நான்கு குச்சிக்கு ஒரு சதுரம், அப்படி ஆறு சதுரம். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இருந்தால்தான் அது சதுரம், இல்லாவிட்டால் சாய்ந்த கட்டம். ஒரு அடிப் பக்கத்துக்கு மூலைவிட்டம் ஏறக்குறைய 17 அங்குலம். ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அதை வைத்தே எல்லாவற்றையும் சரிபார்த்தோம்.

மே 8, வியாழன்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இன்றைக்குத்தான். ஆறு சதுரங்களையும் மூலைக்கு மூலை சேர்த்துக் கட்டினோம். மேலே ஒன்று, கீழே ஒன்று, நான்கு பக்கத்திலும் மூலையில் நிற்கிற மாதிரி நான்கு. இப்படிக் கட்டும்போது சதுரங்களுக்கு இடையில் எட்டு முக்கோணம் தானாகவே வந்துவிடும், அதற்கென்று தனியாக ஒரு குச்சியும் வேண்டாம். மொத்தம் 12 முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு சதுரத்தின் மூலைகள் சந்திக்கும்.

கட்டி முடித்துத் தூக்கினால் கூடு நெளிந்தது. மேல் சதுரத்தைப் பிடித்துத் திருகினால் முழுவதும் முறுகிக் கீழே இறங்கியது. பேத்தி முகம் வாடிவிட்டாள். ஆனால் இந்தச் சட்டம் இப்படித்தான் இருக்கும். முக்கோணம் சாயாது, சதுரம் சாயும். இங்கே ஆறு சதுரம் இருக்கிறதே, எப்படி விறைப்பாக நிற்கும்? கடதாசி ஒட்டி, அது காய்ந்து இழுபட்டால்தான் சதுரம் சாயாமல் நிற்கும். கூட்டுக்குக் கடதாசி வெறும் போர்வை என்று நினைக்கிறவர்கள் ஒருமுறையாவது வெறும் சட்டத்தைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும்.

மேலும் கீழும் கடதாசி ஒட்டாமல் திறந்து விடப்போகிறோம், சூடு வெளியேற வேண்டும். அதனால் அந்த இரண்டு சதுரத்துக்கும் மூலைக்கு மூலை நூல் இழுத்துக் கட்டினேன். மின்குமிழும் அந்த நூலில்தான் தொங்கும்.

மே 9, வெள்ளி

நிறத்துக்கு ஒரு வாக்குவாதம். பேத்திக்குப் பௌத்த கொடியின் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் ஐந்தும் வேண்டும். அந்தக் கொடியை முதலில் ஏற்றியது 1885 ஏப்ரல் 28, வெசாக் அன்று, கொழும்பு கொட்டாஞ்சேனை விகாரையில் என்று அங்கிள் சொன்னார். வெசாக்குக்கு அரசாங்க விடுமுறை கிடைத்ததும் அந்த வருடம்தானாம். நான் வெள்ளைப் பக்கம். மஞ்சள் வெளிச்சக் குமிழுக்கு முன்னால் நீலக் கடதாசி கறுத்துப் போகும், வெள்ளைதான் ஒளியை முகம் முழுக்கப் பரப்பும். முடிவில் சதுரங்களுக்கு வெள்ளை, முக்கோணங்களுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும், மற்ற நிறமெல்லாம் கீழே தொங்கும் கடதாசி வாலுக்கு என்று சமாதானம்.

இரவு அன்ரி கோதுமை மாவில் பசை காய்ச்சித் தந்தார். பூச்சி வராமலிருக்கப் பழைய ஆட்கள் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளை இருக்கிற வீட்டில் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மே 10, சனி

ஒட்டினோம். பசையைக் குச்சியில் மட்டும் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஈரம் கூடினால் ரிசுப் பேப்பரின் சிவப்பு பக்கத்து வெள்ளைக்குள் ஊறிவிடும். அதனால் முதலில் வெள்ளை. அது காய்ந்ததும் வாயால் தண்ணீர் தெளிக்கிற மாதிரி மெல்லிய தூறலாகத் தண்ணீர் விசிறினேன். ஈரத்தில் சுருக்கம் விழும், காயும்போது கடதாசி இழுபட்டு மேளத்தோல் மாதிரி விறைக்கும். அப்புறம்தான் நிறக் கடதாசி. அதில் தண்ணீர் படவே கூடாது.

பின்னேரம் கூட்டைத் தூக்கித் திருகிப் பார்த்தேன். அசையவில்லை! பேத்தியிடம் கொடுத்தேன், அவளும் திருகிப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்டினாள்.

மே 11, ஞாயிறு

சின்னக் கூடுகள் நான்கு, தென்னை ஈர்க்கில். கணக்கு அதேதான், அளவு மட்டும் சிறிது. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டோம். வாலுக்குக் கடதாசியை மடித்துப் பூவெட்டு வெட்டினது அன்ரி. அந்தக் கத்தரிக்கோல் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மே 12, திங்கள். வெசாக் போயா (பௌர்ணமி)

பின்னேரம் வழக்கம்போல இடியோடு மழை. கூட்டை உள்ளே வைத்துக் காத்திருந்தோம். சிலர் பொலித்தீன் சுற்றிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனமில்லை, வெளிச்சம் மங்கிப்போகும். ஏழு மணிக்கு மழை விட்டது, கூட்டை மாமரத்தில் கட்டினோம். எல்ஈடி குமிழ் என்பதால் சூட்டுக்குப் பயமில்லை. அங்கிளின் சின்ன வயதில் உள்ளே மெழுகுதிரி, காற்றடித்தால் கூடு எரியும், அடுத்த வருடத்துக்குக் குச்சியும் மிஞ்சாது.

குமிழை எரிய விட்டதும் மூங்கில் சட்டம் வெள்ளைக் கடதாசியில் கோடு கோடாகத் தெரிந்தது. கோடு எல்லாம் நேர். தெருவில் தன்சலுக்கு (இலவசச் சாப்பாட்டுப் பந்தலுக்கு) போன சனம் நின்று பார்த்துவிட்டுப் போனது. ஒரு பெரியவர் கிட்ட வந்து முடிச்சுகளைத் தடவிப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்டார். பேத்தி என்னையும் அங்கிளையும் விட்டுவிட்டுத் தன்னையே காட்டினாள். நியாயம்தான், பாதி முடிச்சு அவள் போட்டது.

மே 15, வியாழன்

நேற்று இரவு மழையில் கடதாசி போய்விட்டது. ஒட்டியிருந்ததை நனைத்து உரித்தோம், மாப்பசை ஆகையால் இலகுவாக வந்தது. கடதாசி போனதும் சட்டம் பழையபடி நெளிந்தது. 12 முடிச்சையும் அறுத்து ஆறு சதுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு சாண் உயரம்கூட இல்லை. அங்கிள் வீட்டு அலுமாரிக்கு மேலே வைத்தாயிற்று. மிஞ்சின மூங்கிலை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எட்டுமூலைப் பட்டம் ஒன்று கட்ட அது போதும். பேத்தியும் தனக்கு ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறாள்.