ஷாக் பாறைகளுக்கு எச்சம் பூசியாச்சு!

நான் செய்துகொண்டிருக்கும் ஷாக் ராக்ஸ் மாடலில் ஒரு வழியாக வெள்ளை பிடித்துவிட்டது. மாசக்கணக்கில் என்னைப் படுத்தி எடுத்த பறவை எச்சம், இப்போது பாறையிலேயே ஊறிக் காய்ந்ததாகத் தெரிகிறது.

ஷாக் ராக்ஸ் (ஷாக் என்றால் நீர்க்காகம்) தெற்கு ஜார்ஜியா தீவுக்கு மேற்கே 240 கிலோமீட்டரில், தென் அட்லாண்டிக்கில் துருத்தி நிற்கும் ஆறு பாறைகள். ஆள் கிடையாது, சொல்லும்படி ஒரு செடி கிடையாது. உயரமே சுமார் 75 மீட்டர்தான். 1:1000 அளவில் ஏழரை சென்டிமீட்டர். தெர்மாகோலின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதன் மேல் நீர்த்த கறுப்பு. அதெல்லாம் நமக்குத் தெரிந்த வேலை.

வம்பெல்லாம் வெள்ளையில்தான். அக்ரிலிக் பூசினால் பால் ஏடு மாதிரி மேலே தனியாக நிற்கும். ஏர்பிரஷ் அடித்தால் பனிமலையாகிவிடும். சரி, நிஜ எச்சத்தையே பார்ப்போம் என்று கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனேன். குளத்துக் கருவேல மரங்களில் கூட்டுக்குக் கீழே மட்டும் கனத்த பூச்சு, அங்கிருந்து கோடு கோடாக ஒழுகல், கிளையின் அடிப்பக்கம் சுத்தம். வந்த விஷயத்தைச் சொன்னதும் அந்த ஊர் அண்ணாச்சி ஒருவர், “சுண்ணாம்பக் கரைச்சு அடிக்காம பெயிண்டுக்கு ஏன் துட்டைப் போடுதிய?” என்றார்.

அதுதான் வழி. சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, வேட்டித் துணியில் வடித்து, ஃபெவிகால் ஒரு சொட்டு. பனைமட்டை நுனியை நசுக்கி எடுத்த நாலைந்து நார்தான் பிரஷ். கடைப் பிரஷ்ஷில் இந்த ஒழுகல் வரவே வராது, பந்தயம் கட்டுகிறேன். ஈரத்தில் ஒன்றும் தெரியாது. பாறை கறுப்பாகவே இருக்கும். ‘பத்தலையே’ என்று கை இன்னொரு தடவை போகப் பார்க்கும். விடக் கூடாது. காயக் காயத்தான் வெள்ளை மேலே வரும். வெயிலில் வைத்தால் பொடியாக உதிரும், நிழல்தான் சரி. கடைசியில் டீ டிக்காஷனை ஆங்காங்கே தொட்டு வைத்தால் பழைய எச்சத்தின் பழுப்பும் வந்துவிடும்.

உச்சியில் மட்டும் என் இஷ்டத்துக்குப் பூசியிருக்கிறேன். அங்கே முதன்முதலில் கால் வைத்ததே 1956-ல், அர்ஜென்டினாவின் மாரியோ ஜியோவினெட்டோ ஹெலிகாப்டரில் போய் இறங்கியபோதுதான். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

நீர்க்காகங்களுக்குக் கசகசாவைக் கறுப்பாக்கி வைத்திருக்கிறேன். இந்த அளவுக்கு அதுவே கொஞ்சம் பெரிசு. சுற்றிலும் கடலுக்கான ரெசினை இன்னும் ஊற்றவில்லை. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வாங்கிய, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் திறக்கும்போதே மஞ்சள், அதைத் தொடுவதாக இல்லை. மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வெயிலில் ரெசின் ஊற்றினால் கொதித்துவிடும். சாரல் வரட்டும் என்றால் ஈரத்தில் மங்கிப்போகுமோ என்று வேறு பயம்.

அதற்குள் பிளாக் ராக்கையும் ஆரம்பித்துவிட்டேன். 16 கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கிறது. என் கணக்குப்படி 16 மீட்டர் தள்ளி, எதிர்வீட்டு மொட்டைமாடியில் வைக்க வேண்டும். அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை.