சம்பளம் கூடினால் ரிஃபண்ட் கூடுமா, குறையுமா?

திருகோணமலையில் ஒரே வங்கிக் கிளையில் மூன்று பேர் ஒரே அளவு நிலையான வைப்பு வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூவருக்கும் வருட வட்டி 3 இலட்சம் ரூபாய். மூவரிடமும் வங்கி 10 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் வரி பிடித்துவிட்டது. முதலாமவரின் மாதச் சம்பளம் 120,000. அவருக்கு அந்த 30,000 ரூபாயும் முழுதாகத் திரும்பும். இரண்டாமவர் 200,000 எடுக்கிறார். அவருக்குத் திரும்புவது 12,000. மூன்றாமவரின் சம்பளம் 250,000. அவருக்கு ஒரு சதமும் வராது, மேற்கொண்டு 24,000 ரூபாய் அவர்தான் கட்டவேண்டும்.

இதைப் பார்த்ததும், வருமானம் கூடக் கூட ரிஃபண்ட் குறையும் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கூடுகிற இடங்களும் உண்டு, அவற்றுக்குக் கீழே வருகிறேன். முதலில் இந்த மூன்று கணக்கும் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் விடுதொகை, அதாவது வரியில்லாமல் விடப்படும் தொகை, வருடத்துக்கு 18 இலட்சம். அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, பிறகு 5 இலட்சத்துக்கு 30, மிச்சம் எல்லாவற்றுக்கும் 36 சதவீதம். வருடம் என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வங்கிக்கு இந்தப் படிகள் எதுவும் தெரியாது. உங்கள் சம்பளம் என்ன, வாடகை வருகிறதா என்று அது கேட்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு 10 சதவீதம் பிடிக்கும். வரி வாங்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களமோ எல்லா வருமானத்தையும் கூட்டி, அந்த வட்டி எந்தப் படியில் வந்து விழுகிறது என்று பார்க்கும். முதலாமவரின் சம்பளமும் வட்டியும் சேர்ந்து 17 இலட்சத்து 40 ஆயிரம். விடுதொகைக்குள்ளேயே அடங்கிவிடுவதால் வரி இல்லை. இரண்டாமவரின் சம்பளம் 24 இலட்சம், ஆகவே வட்டி 6 சதவீதப் படியில் விழுகிறது. 10 பிடித்து 6 தேவைப்பட்டதால் 4 சதவீதம் மிச்சம். மூன்றாமவருக்குச் சம்பளம் மட்டுமே 30 இலட்சம். அவரது வட்டி முழுவதும் 18 சதவீதப் படியில் இருக்கிறது, பிடித்த 10 போக இன்னும் 8 சதவீதம் கட்டவேண்டும்.

ஆகவே உங்கள் வருமானம் எவ்வளவு என்பதைவிட, அந்தக் கடைசி ரூபாய் எந்தப் படியில் நிற்கிறது, பிடித்தவர் எந்த வீதத்தில் பிடித்தார் என்ற இரண்டையும்தான் பார்க்கவேண்டும்.

வட்டியை மட்டுமே நம்பி வாழ்கிறவர்களின் கணக்கு இதில் விசித்திரமானது. வட்டி 18 இலட்சம் ஆகும் வரை பிடித்தது முழுவதும் திரும்பும், அந்த எல்லையில் ரிஃபண்ட் 180,000. அதற்கு மேலும் அது ஏறுகிறது, ஆனால் மெதுவாக: ஒவ்வொரு இலட்ச வட்டிக்கும் 4,000 ரூபாய். 28 இலட்சத்தில் வங்கி பிடித்தது 280,000, வரி 60,000, ரிஃபண்ட் 220,000. உச்சி அதுதான். பிறகு இறக்கம். 33 இலட்சத்தில் 180,000, 38 இலட்சத்தில் 110,000, 43 இலட்சத்தில் வெறும் 10,000. 43 இலட்சத்து 40 ஆயிரத்தை எட்டுமுன்பே அதுவும் தீர்ந்து, நீங்கள் கட்டும் பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். 18 இலட்சம் வட்டிக்காரருக்கும் 33 இலட்சம் வட்டிக்காரருக்கும் ஒரே ரிஃபண்ட் வருவது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரரின் ரிஃபண்டை வைத்து உங்களுடையதை ஊகிக்க முடியாது.

பழைய வருடத்துக்கு இப்போது வருமான வரி விவரத்திரட்டு (வருட வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவம்) நிரப்புகிறவர்கள் இந்த எண்களை அங்கே கொண்டுபோகக் கூடாது. 2024/25இல் விடுதொகை 12 இலட்சம், வட்டியில் பிடித்தது 5 சதவீதம், படிகள் ஐந்தும் ஐந்து ஐந்து இலட்சமாக 6, 12, 18, 24, 30, அதற்கு மேல் 36. பிடித்த வீதம் முதல் படியைவிடவே குறைவு. அதனால் அன்று 12 இலட்சத்தைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாய் வட்டியும் ரிஃபண்டைக் குறைத்தது. பிடிப்பு 10 ஆகி, விடுதொகையும் 18 ஆனபிறகுதான் நடுத்தர வருமானக்காரருக்கும் திரும்பக் கேட்க ஏதாவது இருக்கிறது.

இனி சம்பளம். எங்கள் பக்கத்துக்கு மிகவும் பொருந்துவது இதுதான். மாதச் சம்பளத்தில் பிடிக்கும் முற்பண தனிநபர் வருமான வரி, அந்த மாதத்தை மட்டும் பார்க்கும் அட்டவணைப்படி போகிறது. மாதம் 150,000 வரை ஒன்றுமில்லை, 250,000 என்றால் 8,000. நீங்கள் பன்னிரண்டு மாதமும் இதே சம்பளம் எடுப்பீர்கள் என்பதுதான் அட்டவணையின் அனுமானம். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் சீசன் ஏப்ரல், மேயில் சூடுபிடித்து செப்டெம்பர், ஒக்டோபரோடு ஓய்ந்துவிடும். சேர்விஸ் சார்ஜும் சேர்த்து மாதம் 250,000 எடுக்கும் ஒரு சமையல் தலைவர் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை ஏழு மாதம் வேலை செய்து, மீதி மாதங்கள் வருமானமின்றி இருந்தால் வருட வருமானம் 17 இலட்சத்து 50 ஆயிரம். வரியே இல்லை. பிடித்தது 56,000, முழுவதும் அவருடையது. எட்டு மாதம் என்றால் பிடித்தது 64,000, வரி 12,000, திரும்புவது 52,000. பத்து மாதத்துக்கு 38,000. பதினொரு மாதத்துக்கு 31,000. பன்னிரண்டு மாதமும் வேலை என்றால் பிடித்ததும் கட்டவேண்டியதும் 96,000 தான், ரிஃபண்ட் பூச்சியம். நவம்பரில் இங்கே மழை தொடங்கியதும் தெற்குக் கரை ஹோட்டல்களுக்குப் போய் மார்ச் வரை வேலை செய்கிறவர்கள் இந்தக் கடைசி வரிசையில் சேர்வார்கள். அவர்களுக்கு இரண்டு முதலாளிகளிடமும் ரி-10 சான்றிதழ் (வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டுவது) வாங்கவேண்டிய வேலையும் இருக்கிறது.

இடையில் ஒன்று. ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் உங்கள் 8 சதவீதத்தை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. கைக்கு வந்த சம்பளத்தை எழுதிவிட்டு ரிஃபண்ட் பெரிதாக வருகிறது என்று சந்தோஷப்படுகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். ரி-10இல் இருக்கும் மொத்தச் சம்பளம்தான் கணக்கு.

ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறவர்களுக்கு வேறு சிக்கல். விடுதொகை முதன்மைத் தொழிலுக்குத்தான் போகும். இரண்டாவது இடம் விடுதொகை பார்க்காமல் பிடிக்கும். முதன்மைச் சம்பளம் 120,000 என்றால் மாதம் 30,000 விடுதொகை யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. வருடக் கடைசியில் கூட்டும்போதுதான் அது உயிர்பெறும், இரண்டாவது இடத்தில் பிடித்ததில் ஒரு பகுதி திரும்பும். முதன்மைச் சம்பளமே 150,000க்கு மேல் என்றால் அப்படி மீதம் எதுவும் கிடையாது.

கடற்கரைப் பக்கம் வீடு, காணி வைத்திருப்பவர்களுக்கு வாடகை. ஒரு கம்பனி மாதம் 1 இலட்சத்துக்கு மேல் வாடகை தந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும். மாதம் 120,000 வாடகை என்றால் வருடத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம், பிடிப்பு 144,000. வாடகையில் 25 சதவீதத்தைத் திருத்த வேலைகளுக்கான விடுதொகையாகக் கழிக்கலாம், பற்றுச்சீட்டு தேவையில்லை. மிஞ்சுவது 10 இலட்சத்து 80 ஆயிரம். வீட்டுக்காரர் அரச ஓய்வூதியர், வேறு வருமானம் இல்லை என்றால் 144,000 முழுவதும் திரும்பும், ஏனென்றால் அரச ஓய்வூதியம் வரியிலிருந்து விலக்கு, அது கூட்டலிலேயே வராது. அதே வீட்டின் சொந்தக்காரர் மாதம் 200,000 சம்பளத்தில் வேலையில் இருந்தால்? சம்பளத்தில் 36,000, வாடகையில் 144,000, ஆக 180,000 பிடித்திருப்பார்கள். மொத்த வரி 193,200. 13,200 அவர் கட்டவேண்டும். இந்த 25 சதவீதத்தைக் கழிக்க மறந்து, இதைவிடக் கூடக் கட்டுகிறவர்களும் நிறைய.

வருமானம் கூடினால் ரிஃபண்ட் கூடும் இடம் சோலார். வீட்டுக் கூரையில் சோலார் பனல் போட்டுத் தேசிய மின் கட்டமைப்போடு இணைத்தால், அந்தச் செலவில் வருடத்துக்கு 6 இலட்சம் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். முதலாளி மாத அட்டவணையில் இதைப் பார்ப்பதில்லை, விவரத்திரட்டில் நீங்கள்தான் கேட்கவேண்டும். மாதம் 175,000 எடுக்கிறவருக்கு வரிக்குட்படும் வருமானமே 3 இலட்சம்தான், ஆகக்கூடியது 18,000 திரும்பும். 250,000 எடுக்கிறவருக்கு 60,000. மாதம் 500,000 எடுக்கிறவருக்கு அந்த 6 இலட்சம் முழுவதும் 36 சதவீதப் படியிலிருந்து வெட்டுப்படும்: 216,000 ரூபாய். ஒரே பனல், ஒரே கூரை, பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். சோலார் விற்க வருகிறவர் "வரியில் இவ்வளவு மிச்சம்" என்று சொன்னால், எந்தச் சம்பளத்துக்குச் சொல்கிறார் என்று கேளுங்கள். நன்கொடையில் அவ்வளவு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட அறக்கொடை நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் 75,000 அல்லது வரிக்குட்படும் வருமானத்தில் மூன்றிலொன்று, இரண்டில் எது குறைவோ அது.

கேட்பது எப்படி? டின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், இல்லாமல் எதுவும் நகராது. அடையாள அட்டையை வைத்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே எடுக்கலாம், பிறகு திணைக்களத்தின் இணைய வரி முறைமையான ரமிஸுக்குள் போகக் கடவு இலக்கம். சம்பளம் மட்டும் உள்ளவர், முதலாளி சரியாகப் பிடித்திருந்தால், விவரத்திரட்டு கொடுக்கக் கட்டாயமில்லை. ஆனால் ரிஃபண்ட் வேண்டுமென்றால் கொடுத்தே ஆகவேண்டும். கடைசி நாள் நவம்பர் 30. மேலே சொன்ன மூன்றாமவரைப் போல மிச்ச வரி கட்டவேண்டியவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது, அவர்களுக்குக் கெடு செப்டெம்பர் 30.

வங்கியின் பிடிப்புச் சான்றிதழை நிதானமாகப் பாருங்கள். பெயருக்குக் கீழே இருப்பது உங்கள் டின் இலக்கமா? வங்கியில் பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டை எண் மட்டும் கிடந்து, டின் பதியப்படாமல் இருந்தால், பிடித்த வரி உங்கள் கணக்கில் வந்து சேராமல் நிற்கும். பிறகு மொத்த வட்டி, பிடித்த வரி, கைக்கு வந்தது என்று மூன்று தொகைகள் இருக்கும். விவரத்திரட்டுக்கு முதல் இரண்டும்தான் வேண்டும். 3 இலட்சம் வட்டிக்குப் பாஸ்புத்தகத்தைப் பார்த்து 270,000 என்று எழுதினால் வருமானம் குறைவாகவும் வரவு 30,000 ஆகவும் நின்று, இரண்டும் பொருந்தாமல் விசாரணைக்குப் போகலாம். சான்றிதழின் திகதிகளையும் பாருங்கள். ஒரு வருட வைப்பு ஏப்ரல் 5இல் முதிர்ந்தால் அந்த வட்டியும் வரியும் புதிய வருடத்தைச் சேர்ந்தவை, கிட்டத்தட்ட முழுக் காலமும் பழைய வருடத்தில் ஓடியிருந்தாலும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கு என்றால், சான்றிதழ் யார் பெயரில், யார் டின் இலக்கத்தில் வந்திருக்கிறது என்பதை நிரப்பத் தொடங்குமுன் தீர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே வரவைக் கேட்டால் இருவருடையதும் நிற்கும்.

நூற்றுக்கு இவ்வளவு தந்தால் ரிஃபண்ட் எடுத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் கடவு இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். விவரத்திரட்டில் உள்ள பொய் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: வங்கியில் டின் இலக்கத்தோடு சுய பிரகடனம் கொடுத்து, பிடிப்பதையே நிறுத்துவது. வைப்பு உள்ள ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு வரி வருடத்துக்கும் புதிதாக, ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஒக்டோபரில் கொடுத்தால் அதற்குப் பிறகு வரும் வட்டிக்குத்தான் செல்லும். அதற்கு முன் பிடித்ததை விவரத்திரட்டு வழியாகத்தான் கேட்கவேண்டும். பிரகடனம் கொடுத்தபின் வருட நடுவில் சம்பளம் கூடி 18 இலட்சத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் வங்கிக்குச் சொல்லி, அதன்பின் வரும் வட்டியில் பிடிக்கச் செய்யுங்கள்.