டர்பன் வெயிலில் பனிக்கிராமம்: மோட்டார் சத்தத்தைத் தேடிப்பிடித்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் என்றால் வியர்வையும் லிச்சிப் பழமும்தான். ஆனாலும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, கிறிஸ்துமஸுக்குப் பனிக்கிராமம் (பனி மூடிய ஊர் மாதிரியான பொம்மை அலங்காரம்) வைக்காமல் இருக்கமாட்டார். அதில் உறைந்த குளத்தின் மேல் சின்னப் பொம்மைகள் சறுக்கி ஓடும். "தம்பி, மிக்சி ஓடுற மாதிரி கத்துது, கொஞ்சம் பாருப்பா" என்று கொண்டுவந்து கொடுத்தார்.

பொம்மைகளின் காலடியில் காந்தம் உண்டு. குளத்துக்கு அடியில் பெல்ட்டோடு சுற்றும் இன்னொரு காந்தம் அவற்றை இழுத்துப் போகும். பொம்மைகளை எடுத்துவிட்டு ஓட்டினேன், சத்தம் குறையவில்லை. அப்படியே கையில் தூக்கிப் பிடித்தேன், பாதி அடங்கிவிட்டது. மேசைப் பலகையும் சேர்ந்து அதிர்ந்திருக்கிறது.

மீதிச் சத்தத்தில் பெரும்பங்கு அடாப்டருடையது. அமெரிக்காவிலிருந்து வந்த பொருள் இது. கூட வந்த அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, இங்கே வீட்டு மின்சாரம் 230. அதனால் அக்காவின் மகன் உள்ளூரில் வேறொன்று வாங்கி மாட்டியிருந்தான். இந்தக் குளத்து மோட்டாருக்குத் தேவை 4.5 வோல்ட். அடாப்டரிலும் அதே எண்தான் போட்டிருந்தது. ஆனால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால், மோட்டார் ஓடும்போதே 6-க்கு மேல் காட்டியது. பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்களின் குணம் இது: சுமை குறைவாக இருந்தால் போட்டிருக்கும் எண்ணைவிட அதிகமாகவே கொடுக்கும். மோட்டாரும் வேகமெடுத்து அலறும். மீட்டர் இல்லாதவர்கள் மூன்று பென்சில் பேட்டரிகளைத் தொடராக வைத்து ஓட்டிப் பார்க்கலாம்; புதிய பேட்டரி என்றால் ஏறக்குறைய அதே 4.5 வோல்ட் வரும். எங்கள் ஊரில் கரண்ட் போகும் நேரத்துக்கும் அது உதவும்.

பேட்டரியில் அலறல் நின்றது. அப்புறம்தான் அதற்குள் ஒளிந்திருந்த 'டக்... டக்' காதில் விழுந்தது. ஒரே இடைவெளியில் வந்தால் பல்சக்கரத்தில் ஒரு பல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். இணைப்பைக் கழற்றிவிட்டு அடிமூடியின் திருகுகளை எடுத்தேன். பழைய கிரீஸ் மஞ்சளாகிப் பிசினாய் இறுகிக் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பெரிய சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே பளபளவென்று ஒரு ஜிகினாத் துகள்! கூரைப் பனியிலிருந்து உதிர்ந்தது. பல்குச்சியால் நெம்பியதும் வந்துவிட்டது.

பழைய கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டு, குச்சி முனையளவு சிலிக்கான் கிரீஸ் தடவினேன். பிளாஸ்டிக் சக்கரத்துக்கு அதுதான் நல்லது. எல்லார் வீட்டிலும் இருக்கும் ஸ்ப்ரே எண்ணெயை இங்கே அடிக்காதீர்கள். இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும், கொஞ்ச நாளில் சத்தம் திரும்பிவிடும். அதிகம் தடவினாலும் வம்புதான், அடுத்த ஜிகினா அதிலேயே வந்து ஒட்டும்.

மூடியை மாட்டும்போது திருகுகளை இறுக்கிப் பிழியவில்லை, பிழிந்தால் சக்கரம் உரசும். மேசை அதிராமல் இருக்க, அடியில் நான்கு மூலையிலும் ஃபெல்ட் (மெத்தென்ற தடித்த துணி) துண்டு ஒட்டினேன். வோல்ட் மாறாத 4.5 அடாப்டராகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது மெல்லிய 'உர்ர்' மட்டும் இருக்கிறது. பல்சக்கரம் ஓடுகிற எந்தப் பொம்மையிலும் அவ்வளவு இருக்கத்தான் செய்யும். அக்காவுக்கு அது போதும்.