காலிக் கட்டமும் சைபரும்

அரையாண்டு விடைத்தாள் திருத்தி முடித்ததும் ஆசிரியர் அறையில் காதில் விழுவது, "ரிசல்ட் அனாலிசிஸ் ரெடியா சார்?" என்பதுதான். தேர்வு எழுதியோர், வராதோர், தேர்ச்சி விழுக்காடு, 35-க்குக் கீழ் எத்தனை பேர், 90-க்கு மேல் எத்தனை பேர் என்று அந்தப் படிவம் போகும். எக்செல் பழகியவருக்குப் பத்து நிமிட வேலை. நிபந்தனைக்குப் பொருந்தும் கட்டங்களை எண்ணித் தரும் கவுன்ட்இஃப் சூத்திரம் தெரிந்தால் போதும். அலுவலகத்துக்கு அது வேண்டும், சரி. வகுப்பெடுக்கிறவருக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. யார் தேறவில்லை என்பது திருத்தும்போதே தெரிந்துவிடுகிறதே.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் வினாவாரியாக ஏற்றத் தொடங்கிய பிறகுதான் எக்செல் எனக்கு உதவ ஆரம்பித்தது. மாணவருக்கு ஒரு நிரை, வினாவுக்கு ஒரு நிரல். கணக்குத் தாளில் மொத்தம் 44 வினாக்கள்: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் பகுதிகளில் தலா 14 கொடுத்துப் பத்து எழுதச் சொல்வார்கள், அவற்றில் 28-ஆவதும் 42-ஆவதும் கட்டாய வினா, கடைசியாக எட்டு மதிப்பெண்ணில் வடிவியலும் வரைபடமும். நாற்பது பேர் வகுப்பென்றால் 1,760 கட்டங்கள். எல்லாத் தேர்வுக்கும் இதைச் செய்தால் மனிதன் தாங்க மாட்டான். அரையாண்டுக்கும் முதல் திருப்புதல் தேர்வுக்கும் மட்டும் செய்கிறேன். அதிலும் ஒரு மதிப்பெண் வினாக்களை மொத்தமாகவே போட்டுவிடுவேன்.

இதில் நான் விடாப்பிடியாக வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு. எழுதித் தப்பாகப் போனால் சைபர். தொடவே இல்லையென்றால் கட்டம் காலி. ஆவரேஜ் சூத்திரம் காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது, சைபரைச் சேர்க்கும். ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கை ஐந்து பேர் மட்டும் தொட்டு, ஐவரும் முழுசாகப் போட்டிருந்தால் சராசரி 5 என்று ஜம்மென்று காட்டும். மீதி 35 பேர் ஒதுங்கிப்போனதைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு நிரலின் அடியிலும் சராசரிக்குப் பக்கத்திலேயே, காலிக் கட்டங்களை எண்ணும் கவுன்ட்பிளாங்க் சூத்திரத்தைப் போட்டு வைக்கிறேன். விருப்ப வினாக்களில் காலி இருப்பது இயல்புதான். ஆனால் 42-ஆவதில் காலி இருந்தால் அதற்குச் சாய்ஸைக் காரணம் சொல்ல முடியாது.

எங்கள் வகுப்பில் காலி அதிகம் விழுந்தது வரைபடத்தில். மெல்லக் கற்போருக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பதே வடிவியலும் வரைபடமும்தான். இரண்டும் சேர்ந்து 16, ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்துப் பன்னிரண்டு தேறினால் 35 கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். அப்படியிருந்தும் ஏன் காலி? ஒரு பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தெரியும் சார். கடைசியில போடலாம்னு வச்சிருந்தேன், பெல் அடிச்சிட்டாங்க." வேறு சிலரும் அதையே சொன்னார்கள். பாடம் தெரியாதவன் விட்ட காலியும் நேரம் போதாதவன் விட்ட காலியும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன; ஆளைக் கேட்டால்தான் பிரியும்.

இன்னொரு பயனும் உண்டு. மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. பெயர்களை மறைத்துவிட்டு வகுப்பின் மதிப்பெண்களையே கணக்காகக் கொடுத்தேன். கையால் போட்ட விடையும் கணினி காட்டியதும் ஒத்துவரவில்லை. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மதிப்பெண்களின் எண்ணிக்கை n என்றால், எக்செல்லின் பழைய எஸ்டிடெவ் சூத்திரம் n−1 ஆல் வகுக்கும், நம் பாடநூல் n ஆல் வகுக்கும். எஸ்டிடெவ்.பி என்று மாற்றியதும் இரண்டும் ஒன்றாகின. ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் மாதிரிக்கும் எல்லாவற்றையும் எடுக்கும் முழுமைத்தொகுதிக்கும் உள்ள வேறுபாட்டை அன்று சொல்ல முடிந்தது, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

முதல் திருப்புதலில் வடிவியல், வரைபட வினாக்களான 43, 44 இரண்டையும் முதலில் எழுதச் சொன்னேன். வரைபட நிரலில் காலி வெகுவாகக் குறைந்தது. சைபரும் இரண்டும் மூன்றும் கூடின. அளவுத்திட்டம் எழுதாதவர்கள், புள்ளிகளைச் சரியாகக் குறித்துவிட்டு வளைவரையைப் பட்டை பட்டையாக ஸ்கேலால் இணைத்தவர்கள் எல்லாரும் இப்போதுதான் கண்ணில் பட்டார்கள். அந்த நிரலின் சராசரி முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தது. தலைமையாசிரியரிடம் அதை விளக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.