சென் நதி விழாவும் அது கிளப்பிய ரசனைச் சண்டையும்

2024 ஜூலை 26 அன்று பாரிஸில் நடந்த ஒலிம்பிக் தொடக்க விழா முடிந்த இரவே அதைப் பற்றிய சண்டை தொடங்கிவிட்டது. ஒரு நடைபாலத்தின் மேல் சில நிமிடங்கள் தோன்றிய காட்சியைப் பற்றி ஆயர்களும் அரசியல்வாதிகளும் கலை விமர்சகர்களும் நாள்கணக்கில் பேசினார்கள். அந்தப் பேச்சில் பெரும்பகுதி விழாவைப் பற்றியதாகவே இல்லை என்பதுதான் என் வருத்தம். நான்கு மணி நேரப் படைப்பு ஒன்றுக்கு ஒரே ஒரு நிழற்படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். படைத்தவர்கள் தரப்பிலும், தாங்கள் காட்டியதை 'ஆம், இதைத்தான் காட்டினோம்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஆளில்லை. இரண்டுமே கலைக்குச் செய்யப்பட்ட அநீதி என்று நான் கருதுகிறேன்.

கோடைக்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா விளையாட்டரங்கத்தை விட்டு வெளியே வந்தது அதுவே முதல் முறை. சென் நதியில் ஆஸ்டர்லிட்ஸ் பாலத்திலிருந்து ஈஃபில் கோபுரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள திரோகாதெரோ வரை சுமார் 6 கிலோமீட்டர் தூரம், 85 படகுகள், ஏறத்தாழ 6,800 வீரர்கள். வழியெங்கும் பாலங்களிலும் கரைகளிலும் கட்டடக் கூரைகளிலும் 12 கலைக்காட்சிகள். போதாக்குறைக்கு அடைமழை. அரங்கத்துக்குள் நடக்கும் விழாவில் எல்லோரும் ஒரே தரையைப் பார்க்கிறார்கள். ஒருவருக்குப் பிடிக்காத நடனம் ஒரு மூலையில் நடந்தால் அவர் கண்ணை வேறு மூலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். நதிக்கரையில் மழையில் நனைந்தபடி நின்றவருக்கோ தன் முன்னால் நடப்பது மட்டுமே தெரிந்தது, மீதியெல்லாம் திரையில்தான். அதாவது, அந்த விழா முழு வடிவில் இருந்த ஒரே இடம் தொலைக்காட்சிச் சட்டகம். சட்டகத்துக்குள் வாழும் படைப்பு, சட்டகத்தாலேயே துண்டாக்கப்படும் ஆபத்தையும் சுமக்கிறது. பின்னர் எழுந்த சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கலை இயக்குநர் தோமா ஜோலி நாடக மேடையிலிருந்து வந்தவர். ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகங்களை 18 மணி நேர நிகழ்வாக மேடையேற்றியவர். நீண்ட நேரம் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கும் கூட்டத்துக்குப் பழகிய ஒருவர், கைபேசியில் பத்து விநாடித் துண்டுகளாகப் பார்க்கும் உலகத்துக்கு முன்னால் வந்து நின்றார். விழாவின் கதையோட்டத்தை எழுதியதில் வரலாற்றாசிரியர் பத்ரிக் பூஷெரோனும் எழுத்தாளர் லெய்லா ஸ்லிமானியும் பங்கேற்றிருந்தார்கள். யோசிக்காமல் அள்ளித் தெளித்த கோலம் அல்ல அது.

இனி அந்தக் காட்சிக்கு வருவோம். டெபிலி நடைபாலத்தின் மேல் நீண்ட மேடை ஒன்று போடப்பட்டிருந்தது. இளம் ஆடை வடிவமைப்பாளர்களின் படைப்புகளை அணிந்தவர்கள் அதன் மேல் நடந்துவர, அதுவே விருந்து மேசையாகவும் ஆனது. நடுவில் இசைக்கலைஞர் பார்பரா பட்ச் நீல உடையில், தலையைச் சுற்றி வெள்ளிக் கதிர்கள் விரிந்த கிரீடத்துடன் நிற்க, அவருக்கு இருபுறமும், மிகையான பெண் வேடமிட்டு ஆடும் டிராக் கலைஞர்களும் நடனக் கலைஞர்களும் ஒரே வரிசையாக நின்றார்கள். பிறகு பெரியதொரு உணவுத் தட்டின் மூடி உயர, உடல் முழுவதும் நீலம் பூசி, பூவும் பழமும் சூடி, பாடகர் பிலிப் கதெரின் வெளிப்பட்டார். அவர் டயோனிசஸ், கிரேக்கர்களின் மதுக்கடவுள். மனிதர் ஆடையின்றியே இருந்திருந்தால் போர்கள் இருந்திருக்குமா என்று கேட்கும் பாடலை அவர் பாடினார்.

கதெரின் தோன்றுவதற்கு முந்தைய அந்த வரிசையைப் பலர், இயேசு தம் சீடர்களோடு உண்ட கடைசி விருந்தைக் காட்டும் லியோனார்டோ டா வின்சியின் ஓவியமான இறுதி இராவுணவாகக் கண்டார்கள். பிரெஞ்சு ஆயர் பேரவை, விழாவின் அழகையும் மகிழ்ச்சியையும் பாராட்டிவிட்டு, கிறிஸ்தவத்தை எள்ளி நகையாடும் காட்சிகள் அதில் இருந்ததாக வருத்தம் தெரிவித்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று ஒலிம்பிக் ஒளிபரப்பிலிருந்து தன் விளம்பரங்களை விலக்கிக்கொண்டது. ஆகஸ்ட் 3 அன்று வத்திக்கானும் தன் வருத்தத்தை அறிக்கையாக வெளியிட்டது. விழா அமைப்பாளர்களின் செய்தித் தொடர்பாளர், எந்த மதத்தையும் அவமதிக்கும் எண்ணம் இல்லை, யாராவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும் என்றார். ஜோலியோ, தன் மனத்தில் இருந்தது இறுதி இராவுணவு அல்ல, ஒலிம்பஸ் மலையில் வாழும் கிரேக்கக் கடவுளரின் விருந்துதான் என்றார்.

கலை வரலாறு தெரிந்தவர்கள் உடனே யான் வான் பைலெர்ட் என்ற டச்சு ஓவியரின் 17ஆம் நூற்றாண்டு ஓவியத்தை எடுத்துக் காட்டினார்கள். டிஜோன் நகரின் மான்யான் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில் நீண்ட மேசையின் பின்னால் கடவுளர் விருந்துண்கிறார்கள், முன்னால் டயோனிசஸ் சாய்ந்து கிடக்கிறார், நடுவில் அப்போலோவின் தலையைச் சுற்றி ஒளிவட்டம். பாலத்தின் மேல் கண்டதற்கு இது மிக அருகில் வருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதைச் சொன்ன பலர், 'அப்படியானால் புண்பட்டவர்களுக்கு ஓவியம் தெரியாது' என்று விவாதத்தை முடித்துவிட்டார்கள். இது சரியான வாதம் அல்ல. பைலெர்ட்டின் ஓவியமே இறுதி இராவுணவின் அமைப்பை உள்வாங்கி வரையப்பட்டதுதான். நீண்ட மேசை, ஒரே பக்கம் அமர்ந்தவர்கள், நடுவில் ஒளிரும் தலை என்ற அமைப்பு ஐரோப்பியக் கண்ணுக்கு நூற்றாண்டுகளாக ஒரே ஒரு விருந்தைத்தான் நினைவூட்டுகிறது. பார்ப்பவர் மனத்தில் எந்தப் படம் எழும் என்று கணிப்பது காட்சியமைப்பாளரின் தொழில் சார்ந்த கடமை. எண்ணம் என்னவாக இருந்தாலும், கண்ணில் படுவதும் படைப்பின் ஒரு பகுதிதான்.

ஆகவே அந்த மன்னிப்பில் எனக்கு உடன்பாடில்லை. 'யாராவது புண்பட்டிருந்தால்' என்று தொடங்கும் மன்னிப்பு, புண்பட்டவரையும் ஆற்றாது, படைப்பையும் காக்காது. 'இரண்டு விருந்துகளும் ஐரோப்பிய ஓவியத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எல்லோருக்கும் இடமுள்ள மேசை ஒன்றைக் காட்ட விரும்பினோம். அந்த அமைப்பை அதனால்தான் எடுத்துக்கொண்டோம்' என்று யாராவது வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், ஏற்காதவர்கள்கூட எதை ஏற்கவில்லை என்பதைத் தெளிவாக அறிந்திருப்பார்கள். அதன் பிறகு எழும் கருத்து வேறுபாடு நேர்மையானதாக இருந்திருக்கும்.

இத்தகைய விழாக்களுக்கு இது புதிதல்ல. 2004 ஏதென்ஸ் விழாவில் பண்டைய சிலைகளின் ஆடையற்ற உடல்களை நினைவூட்டிய காட்சிகளைப் பற்றி அமெரிக்க ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்புக்குப் புகார்கள் போயின. 2012 லண்டன் விழாவில் அதன் இயக்குநர் டேனி பாயில் தேசிய மருத்துவச் சேவையின் செவிலியர்களையும் மருத்துவமனைக் கட்டில்களையும் களத்தில் இறக்கியபோது, ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரே அதை இடதுசாரிக் குப்பை என்று சாடினார். இன்றைக்கு அந்தக் கட்டில்கள்தான் அந்த விழாவின் பெருமையாகப் பேசப்படுகின்றன.

ஆனால் பாரிஸ் விழாவில் என்னை மிகவும் உறுத்திய சண்டை, விழாவுக்குப் பல மாதங்கள் முன்பே நடந்துவிட்டது. பாடகி அயா நகமுரா விழாவில் பாடக்கூடும் என்ற செய்தி 2024 தொடக்கத்தில் கசிந்தது. மாலியின் தலைநகர் பமாகோவில் பிறந்து பாரிஸின் புறநகரில் வளர்ந்தவர் அவர். பிரெஞ்சு மொழிப் பாடகர்களில் உலகெங்கும் மிக அதிகமாகக் கேட்கப்படுபவர்களில் ஒருவர். தீவிர வலதுசாரிக் குழு ஒன்று சென் நதிக்கரையில் பதாகை பிடித்தது. இது பாரிஸ், பமாகோ சந்தை அல்ல என்று அதில் எழுதியிருந்தது. இணையத்தில் இனவெறி வசைகள் குவிந்தன, அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரணை தொடங்கியது. அவர் பாடுவதே பிரெஞ்சு அல்ல என்று தீவிர வலதுசாரித் தலைவர் மரின் லெ பென் கூறினார். நகமுரா அப்போது விழாவுக்காக ஒரு சுரம்கூடப் பாடவில்லை, என்ன பாடப்போகிறார் என்றும் யாருக்கும் தெரியாது. அதற்குள் ரசனையின் பெயரால் அவரைத் தள்ளிவைக்க முயன்றார்கள். பாடல் பிடிக்கவில்லை என்பது ரசனை. இவர் நம் பெயரால் பாடக்கூடாது என்பது ரசனையே அல்ல, குடியுரிமை பற்றிய தீர்ப்பு. இந்த வேறுபாட்டை மறைக்கத்தான் தரம் என்ற பேச்சு பெரும்பாலும் பயன்படுகிறது.

அதற்கு விழா அளித்த பதில் அற்புதமானது. பிரெஞ்சு மொழியின் காவலராகத் தன்னைக் கருதும் பிரெஞ்சு அகாதெமி குடியிருக்கும் கட்டடத்திலிருந்து, பொன்னிறச் சிறகாடையில், பொன்னிற நடனக் கலைஞர்கள் புடைசூழ, அயா நகமுரா நடந்து வந்தார். எதிர்ப்புறத்திலிருந்து குடியரசுக் காவல்படையின் இசைக்குழு விறைப்பான சீருடையில் அணிவகுத்து வந்தது. தன் பாடலோடு பிரெஞ்சுப் பாடகர் சார்ல் அஸ்னவூரின் பாடல் ஒன்றையும் அவர் சேர்த்துப் பாடினார். ஆர்மீனியப் பெற்றோரின் மகனான அஸ்னவூர் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் கலந்து பாடிய பாடல் அது. அந்தக் கலப்புக்காகவே பிரான்ஸ் அதைக் கொண்டாடியது. மொழியைக் கெடுக்கிறார் என்று பழிக்கப்பட்ட பெண் அந்தப் பாடலைத் தேர்ந்தெடுத்துப் பாட, பொத்தான் தைத்த சீருடைக்காரர்கள் மெல்ல இடுப்பை அசைத்து அவரோடு ஆடினார்கள். விளக்கவுரை, மன்னிப்பு எதுவும் தேவைப்படாத காட்சி அது. எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து, அதைச் சொல்வதற்கான இடத்தையும் உடையையும் பாடலையும் பொருத்தியதால் கிடைத்த தெளிவு.

எல்லாவற்றையும் நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கான்சியெர்ஜெரி என்ற பழைய கட்டடத்தின் சன்னல்களில், பிரெஞ்சுப் புரட்சியின்போது தலை வெட்டப்பட்ட அரசி மரி அந்துவானெத்தின் தலையற்ற உருவங்கள், வெட்டுண்ட தலையைக் கையில் ஏந்தியபடி புரட்சிப் பாடலைப் பாட, கோஜிரா என்ற மெட்டல் இசைக்குழுவினர் சுவர்களில் தொங்கியபடி இடிமுழக்கமாக வாசித்து, செந்நிறத் தாரைகள் பீறிட்ட காட்சி எனக்கு ஒப்பவில்லை. இசையாகக் கேட்டால் அன்றிரவின் மிகத் துணிச்சலான பகுதி அதுதான். ஆனால் அந்தக் கட்டடம் அந்தப் பெண் சிறையிருந்த இடம். 1793 அக்டோபர் 16 அன்று கொலைக்களத்துக்கு அவரை வண்டியேற்றிய இடம். வெட்டப்பட்ட ஒரு தலையைக் கொண்டாட்டப் பொருளாக்கும்போது, அவர் அரசி என்பதால் மட்டும் அது நகைச்சுவையாகிவிடாது. எல்லோருக்கும் இடமுண்டு என்று மேசை விரித்த அதே விழாவில் இது எப்படிப் பொருந்தியது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. நடைபாலத்துக் காட்சியோடு ஒப்பிட்டால் இது உலக அளவில் மிகக் குறைவாகவே பேசப்பட்டது.

பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமைக்கும், பிடிக்காதவரை அழிக்கத் துடிப்பதற்கும் நடுவில் உள்ள கோட்டைப் பலர் கூசாமல் தாண்டினார்கள். ஜோலிக்கும் பார்பரா பட்சுக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர்களின் பாலியல் நாட்டத்தையும், ஜோலி யூதர் என்று தாங்களே கற்பித்துக்கொண்டதையும் வைத்து வசைமாரி பொழிந்தார்கள். இருவரும் காவல்துறையில் புகார் அளித்தார்கள். ஜோலியை இணையத்தில் துன்புறுத்திய வழக்கில் 2025 மே மாதம் பாரிஸ் நீதிமன்றம் ஏழு பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. மதத்தின் மாண்பைக் காக்கிறோம் என்று கிளம்பியவர்களில் சிலர் எழுதிய சொற்களை எந்த மதத்தின் மேசையிலும் வைக்க முடியாது.

விழாவுக்கு ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, அதே ஜோலி பாராலிம்பிக் தொடக்க விழாவை கொன்கோர்து சதுக்கத்தில் நடத்தினார். நடன அமைப்பு ஸ்வீடன் கலைஞர் அலெக்சாண்டர் எக்மனுடையது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களும் மற்றவர்களும் முதலில் எதிரெதிரே நின்று, பிறகு ஒருவர் அசைவை ஒருவர் கற்று, இறுதியில் ஒரே குழுவாக ஆடினார்கள். மரி அந்துவானெத்தின் தலை வெட்டப்பட்ட சதுக்கம் அதுவே. அன்று அங்கே வெட்டுண்ட தலை எதுவும் காட்டப்படவில்லை. ஜூலை விழாவை விடவும் சிறந்த படைப்பு அது என்பது என் உறுதியான கருத்து. ஜோலி கலைஞரா கலகக்காரரா என்று ஜூலையில் தீர்ப்பு எழுதியவர்களில் மிகச் சிலரே அதைப் பார்த்துவிட்டுப் பேசினார்கள். இரண்டையும் முழுதாகப் பார்த்த பிறகும் அவரை மறுப்பவர்கள் இருந்தால், அவர்களோடு உட்கார்ந்து காட்சி காட்சியாக வாதிட எனக்கு ஆசை.