ஒட்டாவாவில் வசந்தம் முதலில் காதுக்குத்தான் வரும்

நான் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்கு வந்த முதல் வருஷம், பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள் காலையில் டம்மென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வெளியே மைனஸ் 12, வண்டி தள்ளிவிட்டுப் போன ஸ்னோ தெரு ஓரத்தில் இடுப்பளவு நிற்கிறது, இந்தக் குளிரில் யார் வெடி போடுகிறார்கள் என்று புரியாமல் கீழ் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். எழுபதைத் தாண்டிய மனிதர். காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "ஆற்றை உடைக்கிறார்கள், வசந்தம் வருகிறதல்லவா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைனஸ் பன்னிரண்டில் வசந்தமாம்.

ஆனால் அவர் சொன்னது சரிதான். ரீடோ ஆறு ஊருக்குள் ஓடிவந்து கடைசியில் ஒரு அருவியாக ஒட்டாவா ஆற்றில் விழுகிறது. மேலே ஸ்னோ உருகித் தண்ணீர் வரும் நேரத்தில் கீழே ஐஸ் அடைத்துக்கொண்டிருந்தால், தண்ணீர் கரையேறி வீடுகளுக்குள் புகுந்துவிடும். அதனால் அருவிப் பக்கத்திலிருந்து தொடங்கி ஐஸை அறுத்து, வெடி வைத்துப் பிளந்து, பாளம் பாளமாக அருவியில் தள்ளிவிடுகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. ஐஸ் மேலேயும் தண்ணீரிலேயும் போகிற ஒரு இயந்திரமும் இப்போது கூடவே வேலை செய்கிறது, ஆனாலும் வெடியை யாரும் விடவில்லை. எனக்கோ கார்த்திகை முடிந்து மாசியில் யாரோ மிச்சப் பட்டாசைக் கொளுத்துகிற மாதிரி இருக்கும்.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. முதல் நாலு வருஷம் நான் செய்த தப்பு, வசந்தத்தைக் கண்ணால் தேடியதுதான். ஏப்ரல் முழுக்க மரத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு பச்சையும் காணோமே என்று வெறுத்துப்போவேன். இங்கே மரங்கள் ஒழுங்காக இலை விட மே மாதம் ஆகும். வெளியூர்க்காரர்களுக்கு ஒட்டாவா வசந்தம் என்றாலே துலிப் பூ. இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து இளவரசி ஜூலியானாவுக்கு இந்த ஊர் அடைக்கலம் கொடுத்ததற்கு நன்றியாக 1945-இல் 1,00,000 கிழங்குகள் வந்தன, அன்றிலிருந்து நட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பூப்பது மே மாதம். கல்யாணம், விருந்து எல்லாம் முடிந்து மறுவீட்டுக்குப் போய் நின்று பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று கேட்கிற கதை அது.

என் காதைத் திறந்துவிட்டது அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்துகொண்டே திருநெல்வேலிக்குப் பேசுவது என் வழக்கம், அங்கே அப்போது விளக்கு வைத்த நேரம். பிப்ரவரி முதல் வாரம் இருக்கும்.

"எய்யா, பின்னால என்னமோ குருவி கத்துதே, பனி விட்டுட்டா அங்க?"

"எங்கம்மா, இன்னைக்கும் மைனஸ் பதினாலு."

"பின்ன குருவி எதுக்குக் கத்துது?"

நின்று கேட்டேன். இரண்டே சுரம். முதலாவது மேலே, இரண்டாவது கொஞ்சம் கீழே. ஃபீ... பீ. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. தலையில் கறுப்புத் தொப்பி போட்ட சிக்கடீ. சிட்டுக்குருவியை விடச் சின்னது, குளிர்காலம் முழுக்க இங்கேயேதான் கிடக்கும், எங்கேயும் போகாது. மற்ற நாட்களில் "சிக்கடீ டீ டீ" என்று கத்தும், பெயரே அதிலிருந்து வந்ததுதான். இந்த இரண்டு சுரப் பாட்டு மட்டும் வேறு, ஆண் குருவி இடம் பிடிக்கவும் துணை தேடவும் பாடுவது. ஜனவரியிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, பிப்ரவரியில் தெருவுக்குத் தெரு கேட்கும். நாலு வருஷம் இதன் அடியிலேயே நடந்திருக்கிறேன், எனக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது.

அந்தக் குருவிக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை, வெளிச்சம்தான் கணக்கு. டிசம்பர் 21-இல் இங்கே பகல் எட்டே முக்கால் மணி நேரம் கூட முழுசாக இருக்காது. பிப்ரவரி முடியும்போது பதினொரு மணி நேரத்தைத் தொட்டுவிடும், மார்ச்சில் நாளுக்கு மூன்று நிமிஷம் போல ஏறிக்கொண்டே போகும். பிப்ரவரி 20-இல் சூரியன் வானத்தில் நிற்கிற உயரமும் அக்டோபர் 21-இல் நிற்கிற உயரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தரையெல்லாம் ஸ்னோ மூடி, வருகிற வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதால் குளிர் மட்டும் இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது. மனிதர்களாகிய நாம் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் போகிறோம், குருவி சூரியனைப் பார்த்துப் பாட ஆரம்பித்துவிடுகிறது.

கண்ணுக்கு ஒன்றுமே கிடைக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் குனிந்து பார்க்க வேண்டும். வெயில் அடிக்கிற நாளில் மரத்தடியைப் பாருங்கள், கறுத்த பட்டை சூட்டை வாங்கி, அடிமரத்தைச் சுற்றி ஸ்னோ கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கும். அந்தக் குழியில் யாரோ மிளகுத்தூள் தூவின மாதிரிக் கறுப்பாகக் கிடக்கும், கிட்டே போனால் மிளகு துள்ளும்! ஸ்னோ ஃப்ளீ என்பார்கள், உண்மையில் தெள்ளுப்பூச்சி இல்லை, கடிக்காது. வயிற்றுக்கு அடியில் மடக்கி வைத்திருக்கிற வால் மாதிரி ஒன்றைத் தட்டித் துள்ளுகிறது, உடம்பு உறையாமலிருக்க ஒரு புரதமும் வைத்திருக்கிறது. என் மகள் இதற்கு "பெப்பர் பூச்சி" என்று பெயர் வைத்திருக்கிறாள், அதுவே எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

கிரவுண்ட்ஹாக் என்கிற வளை தோண்டும் பிராணியின் ஜோசியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பிப்ரவரி 2-இல் வயார்ட்டன் வில்லி என்று ஒரு பிராணியை வெளியே கொண்டுவந்து, அது தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர், பார்க்காவிட்டால் சீக்கிரம் வசந்தம் என்பார்கள். ஆறு வாரம் என்றால் மார்ச் நடு, அதைச் சீக்கிரம் என்று சொன்னாலும் ஒட்டாவாக்காரன் மறுக்கப்போவதில்லை. கிளி ஜோசியக்காரராவது நாலு சீட்டு வைத்திருப்பார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது மேப்பிள் மரத்துச் சாறுதான். மார்ச்சில் ராத்திரி மைனஸ் ஐந்து, பகலில் பிளஸ் ஐந்து என்று ஏறி இறங்க வேண்டும். ராத்திரி உறையும்போது மரத்துக்குள் ஒரு உறிஞ்சல் உண்டாகி வேரிலிருந்து தண்ணீரை இழுக்கும். பகலில் இளகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, பட்டையில் போட்ட துளை வழியாகச் சாறு சொட்டும். போன கோடையில் இலை சமைத்து மரம் சேர்த்துவைத்த மாவுச்சத்துதான் இப்போது சர்க்கரையாக வருகிறது. சுகர் புஷ் என்று சொல்கிற மேப்பிள் தோப்புக்கு முதல் தடவை போனபோது, பழைய மாதிரி தகர வாளி தொங்கவிட்ட மரங்களுக்கு நடுவே நின்றேன். டிக்... டிக்... டிக் என்று ஒவ்வொரு வாளியிலும் ஒவ்வொரு தாளத்தில் சொட்டுகிற சத்தம். இதுவும் காதுக்குத்தான், பார்த்தீர்களா.

ஒரு வாளியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். தண்ணீர்! இரண்டு சதவீதம் போலத்தான் சர்க்கரை. நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப். பதனீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் காய்ச்சுகிற கொட்டகைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். விறகுப் புகை, நீளத் தட்டில் கொதிக்கிற சாறு, கூரை வழியாகப் போகிற இனிப்பு ஆவி. எங்கள் ஊர்ப் பக்கம் பனங்காட்டில் விடிலி என்று ஓலைக் குடிசை இருக்கும், பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிற இடம், அதே வாசனை. இதே மாசி பங்குனிதான் அங்கேயும் பதனீர் இறங்குகிற காலம். பாகு பதம் வருவதற்கு முன்னால் கூப்பனி என்று ஒன்று எடுத்துத் தருவார்கள், இங்கே அதே கட்டத்தில் எடுத்து ஸ்னோ மேல் ஊற்றிக் குச்சியில் சுற்றித் தருகிறார்கள். நான் மூன்று குச்சி தின்றேன். மனைவி முறைத்ததால் நாலாவது இல்லை.

இதற்கும் ஒரு கெடு உண்டு. மொட்டு தடிக்கத் தொடங்கிவிட்டால் சாறு கசந்து சுவை மாறிவிடும், வாளியைக் கழற்றிவிடுவார்கள். ஊரார் எதை வசந்தம் என்று கொண்டாடுகிறார்களோ அது வந்ததும் இது முடிந்தது. (கியூபெக்கில் மேப்பிள் சிரப்பைக் கிடங்கு கட்டிச் சேமிக்கிறார்கள், 2011, 2012-இல் அங்கிருந்து மூவாயிரம் டன்னுக்குப் பக்கத்தில் திருடிவிட்டார்கள், 1.8 கோடி டாலர் பெறும். பீப்பாயில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாலில் தண்ணீர் கலக்கிறவரெல்லாம் சின்ன ஆள்.)

அழகாகவே சொல்லிக்கொண்டு போனால் பொய்யாகிவிடும். முதல் வசந்த வாசனை பூ வாசனை இல்லை, நாய்ப் பீ. நவம்பரிலிருந்து அடுக்கடுக்காகப் புதைந்தது எல்லாம் ஒரே வாரத்தில் வெளிப்படும், கூடவே ஒற்றைக் கையுறைகள், காப்பிக் கோப்பைகள், டிசம்பரில் தொலைத்த எங்கள் வீட்டுச் சாவி. ரோட்டில் வெடிப்புக்குள் போன தண்ணீர் ராத்திரி உறைந்து ஒன்பது சதவீதம் பெருத்து, தாரைப் பெயர்த்து, பகலில் இளகிப் பள்ளமாகும். குட்டை மாதிரி தெரிந்த ஒன்றில் போன மார்ச்சில் டயரை இழந்தேன். அதோடு போகவில்லை. இந்த வீட்டுக்கு வந்த முதல் வசந்தத்தில், பேஸ்மென்ட் குழியில் ஊறுகிற தண்ணீரை வெளியே தள்ளுகிற சம்ப் பம்ப்பின் மிதவை எங்கேயோ சிக்கிக்கொண்டு ஓடாமல் நின்றுவிட, காலையில் இறங்கிப் பார்த்தால் கணுக்கால் தண்ணீரில் கொலுப்பொம்மைப் பெட்டி நனைந்துகொண்டிருக்கிறது. அன்றிலிருந்து மார்ச் ராத்திரிகளில் தூக்கத்திலும் எனக்கு ஒரு காது கீழேதான். உர்ர்ர் என்று அது ஓடி நிற்கிற சத்தம் கேட்டால்தான் புரண்டு படுப்பேன்.

நடுவில் ஒரு நாள் எட்டு டிகிரி காட்டும். அக்டோபரில் அதே எட்டு டிகிரிக்குக் கோட்டைத் தேடியவர்கள் இப்போது அரை டவுசரில் திரிவார்கள். நான் கேலி செய்துகொண்டிருந்தவன், இப்போது நானும்தான். அடுத்த வாரமே இருபது சென்டிமீட்டர் கொட்டும். இதற்கு வசந்தம் என்ற சொல்லே பொருந்தவில்லை. நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பின்பனி. மாசி, பங்குனி. திருநெல்வேலியில் அந்த இரண்டு மாதமும் வேர்த்துக்கொண்டே பெரும்பொழுது ஆறும் ஒப்பித்திருக்கிறேன், பின்பனி என்றால் என்ன என்று விளங்கியது ஒட்டாவாவில்தான்.

மார்ச் நடுவில் இந்த ஊரில் பிரிட்டானியா பக்கம் இருக்கிற மட் லேக்குக்குப் போனால் சிவப்புத் தோள் கரும்பறவை வந்திருக்கும். ஏரி இன்னும் ஐஸாக இருக்கும், போன வருஷத்துக் காய்ந்த சம்பங்கோரை மேல் ஆண் பறவை மட்டும் உட்கார்ந்து, தோளில் இருக்கிற சிவப்பை விரித்துக் காட்டி, துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி கத்தும். பெண் பறவைகள் சில வாரம் கழித்துத்தான் வரும். அதுவரை வீடு பார்த்து வைக்கிற வேலை. கனடாவுக்கு நான் முதலில் தனியாக வந்த ஆறு மாதம் ஞாபகம் வரும்.

இந்தக் கணக்கெல்லாம் ஆடிக்கொண்டும் இருக்கிறது. 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ரீடோ கால்வாயை ஸ்கேட்டிங் தளமாக்குவார்கள், 1970-71 பருவத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் திறந்தது, 2022-23-இல் போதுமான தடிமனுக்கு ஐஸ் கட்டாமல் ஒரு நாள் கூடத் திறக்கவில்லை. வசந்தத்துக்காக ஏங்குகிற நான் அந்த வருஷம் குளிருக்காக ஏங்கினேன்.

கடைசியாகத் தவளை. இங்கே உட் ஃப்ராக் என்று ஒன்று, குளிர்காலம் முழுக்கச் சருகுக்கு அடியில் உறைந்து கிடக்கும். உடம்புத் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ், இதயம் நின்றுவிடும், மூச்சு இல்லை. செல்லுக்குள் குளுக்கோஸை நிரப்பி வைத்துக்கொள்வதால் செத்துப்போவதில்லை. ஏப்ரலில் இளகி எழுந்து, நேராகக் குட்டைக்குப் போய், வாத்து மாதிரி கத்தத் தொடங்கிவிடும். போன ஏப்ரலில் குட்டையோரம் இன்னும் கொஞ்சம் ஐஸ் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டது. அம்மாவுக்கு போன் போட்டு ஒன்றும் சொல்லாமல் குட்டைப் பக்கம் நீட்டினேன்.

"தவளையா கத்துது? மழ வரப்போவுது எய்யா, கொடில துணி கெடந்தா எடுத்து உள்ள போடு."

கொடியில் துணி இல்லை. இரண்டு நாள் கழித்துப் பெய்தது, பத்து சென்டிமீட்டர் ஸ்னோ.