சிடி ஸ்கேனுக்குப் பிறகு தெரிந்த கர்ப்பம்: டோஸ் கணக்கு வாங்க அலைந்த கதை

தங்கைக்கு வயிற்றுவலி. தர்மபுரியில் ஒரு தனியார் மையத்தில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள், சிறுநீரகக் கல் என்று மருந்து கொடுத்தார்கள், வலியும் நின்றது. அதன் பிறகுதான் கர்ப்பம் உறுதியானது. நாளைக் கணக்கிட்டால், ஸ்கேன் எடுத்தபோதே கரு தங்கியிருக்கிறது.

ஒரு மருத்துவர் படத்தைக்கூடப் பார்க்காமல் "கலைத்துவிடுங்கள்" என்றார். பாலக்கோட்டில் மாமியார் வீட்டில் அன்றைக்கே முடிவெடுத்த மாதிரிதான் பேசினார்கள். தங்கை வழக்கமாகப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் மட்டும், "சிடி ஸ்கேனில் கருப்பைக்கு எவ்வளவு கதிர்வீச்சு, அதாவது டோஸ், போயிருக்கிறது என்று எழுதி வாங்கி வாருங்கள், பிறகு பேசலாம்" என்றார்.

ஸ்கேன் மையத்தின் வரவேற்பு மேசையில் இருந்தவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "பிலிம் கொடுத்துவிட்டோம், குறுந்தகடு கொடுத்துவிட்டோம், இன்னும் என்ன சார் வேண்டும்?" அவர் தலைக்குப் பின்னால், தண்ணீர் கேன் பாதி மறைத்தபடி ஒரு அறிவிப்பு தொங்கியது: கர்ப்பிணியாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும். தங்கையிடம் யாரும் கேட்கவில்லை. இதைச் சொன்னதும் மேலாளர் வந்து, நிறுவனத் தாளில் ஒரு கடிதம் அடித்து முத்திரை குத்திக் கொடுத்தார். 'சுமார் 8 மில்லிசீவர்ட், பயப்படத் தேவையில்லை.'

அதை எடுத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போனேன். இந்தக் கணக்கைப் போடுகிறவர் மருத்துவ இயற்பியலாளர். ஸ்கேன் மையங்களில் அவரைத் தேடிப் பயனில்லை; புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் மருத்துவமனையில்தான் இருப்பார். நான் பார்த்த அம்மையார் கடிதத்தைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். மில்லிசீவர்ட் என்பது முழு உடம்புக்கும் சேர்த்துப் போடும் பொதுக் கணக்கு, அதில் கருப்பைக்கு எவ்வளவு என்று தெரியாது என்றார். குறுந்தகட்டைத் திறந்தார். வெட்டுப் படங்கள் மட்டும் இருந்தன. எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தோம் என்று இயந்திரமே பதியும் டோஸ் பக்கமும் இல்லை, ஸ்கேன் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று காட்டும் முதல் படமும் இல்லை. வெறும் கையோடு திரும்பினேன்.

மறுபடி கேட்டபோது மையத்தில் "பழையதெல்லாம் அழித்துவிட்டோம்" என்றார்கள். பகலில் இனி நடக்காது என்று இரவுப் பணி டெக்னீஷியனைப் பிடித்தேன். "அண்ணா, ஸ்கேன் இயந்திரத்தின் கணினியில் இல்லை, ஆனால் சர்வரில் இருக்கும்" என்று அந்தத் தம்பி நிமிடங்களில் எடுத்துத் தந்துவிட்டார். சில இயந்திரங்களில் டோஸ் பக்கம் 999 என்ற வரிசை எண்ணில் கடைசியாக உட்கார்ந்திருக்கும். குறுந்தகட்டில் பதியும்போது அதை விட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் எடுத்த அன்றே அதையும் முதல் படத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்தப் பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து இல்லாமல் ஒரு முறை, அதை ஏற்றி ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் சிடிடிஐ, அதாவது இயந்திரம் கொடுக்கும் கதிர்வீச்சின் அளவு, 7 மில்லிகிரே (உடம்போ பொருளோ உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மேலாளரின் கடிதம் இரண்டு முறை எடுத்ததைப் பற்றி மூச்சே விடவில்லை. அந்த 14-ஐயும் அப்படியே கருவுக்குப் போனதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இயந்திரத்தைச் சோதிக்க வைக்கும் 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் (பிளாஸ்டிக்) உருளைக்கான அளவு.

உருளையிலிருந்து உடம்புக்கு வர, கணினியில் ஒரு மாதிரி உடல் வேண்டும். இயற்பியலாளர் திரையில் காட்டினார்: குடல், சிறுநீரகம், கருப்பை எல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகளாக அடுக்கிய ஒரு பெண். சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் தன் 110-ஆம் வெளியீட்டில் தந்த மாதிரி. உயரம் 163 செ.மீ., எடை 60 கிலோ. ஜெர்மனியில் ஒரு பெண்ணின் சிடி படங்களிலிருந்து உருவான 'லாரா' என்ற மாதிரிதான் இதற்கு மூலமாம். கோடிக்கணக்கான ஃபோட்டான்களை (எக்ஸ்ரே கதிரின் துகள்களை) கணினியிலேயே அந்த உடலுக்குள் விட்டு, எந்த உறுப்பில் எவ்வளவு ஆற்றல் தங்குகிறது என்று பார்த்து, அந்த உறுப்பின் எடையால் வகுக்கிறார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருவுக்குத் தனி மாதிரி தேவையில்லை. கருப்பையின் டோஸையே கருவின் டோஸாக எடுத்துக்கொள்வார்கள்.

என் தங்கை 43 கிலோ. ஒல்லியான உடம்பில் தடுக்கச் சதை குறைவு, அதனால் உள்ளே டோஸ் கூடும். அதையும் திருத்திக் கணக்கிட்டார். ஸ்கேன் இடுப்பெலும்பு வரை போயிருக்கிறது என்று முதல் படம் காட்டியது; சிறுநீரகத்தோடு நிறுத்தியிருந்தால் கருப்பைக்குச் சிதறி வரும் கதிர் மட்டும்தான் போயிருக்கும். கல்லைத் தேட மருந்து ஏற்றி இரண்டாவது முறை எதற்கு என்று அவரே முணுமுணுத்துக்கொண்டார். எனக்கும் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

விடை: 22 மில்லிகிரே, முன்னே பின்னே கால் பங்கு. எப்படிப் பார்த்தாலும் 30-ஐத் தாண்டாது. அதே ஆணையத்தின் 84-ஆம் வெளியீடு, 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கக் கூடாது என்கிறது. கதிர்வீச்சே படாத கர்ப்பத்திலும் நூற்றுக்கு மூன்று குழந்தைகள்போல் பிறவிக் குறையோடு பிறக்கின்றன என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொன்னேன், மாமியார் வீட்டுக்காக.

"யாரோ வெள்ளைக்காரி உடம்பில் போட்ட கணக்கா?" என்று மாமியார் கேட்டார். எடையைத் திருத்தியிருக்கும் வரியைக் காட்டினேன். மகப்பேறு மருத்துவர் தாளைக் கோப்பில் வைத்துவிட்டு, ஐந்தாம் மாத ஸ்கேனுக்குத் தேதி எழுதினார். அது அல்ட்ராசவுண்ட், அதில் இந்தக் கதிர்வீச்சு கிடையாது என்பதை மாமியாரிடம் அவரே சொல்லி அனுப்பினார்.